பயணம் இல்லை, சேறு மட்டும்தான் போகிறது

விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கும்போது அந்த மெயில் வந்தது. பின் சீட்டில் தெர்மோகோல் பெட்டி, அதற்குள் உலர்பனியில் புதைத்த 24 குப்பிகள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வனத்துறை அனுமதியோடு எடுத்த சேறு. சென்னையில் கூரியருக்கு நேரம் சொல்லியாகிவிட்டது.

"தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் நாட்டு அனுமதிக் கடிதம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று எங்கள் சட்டப் பிரிவு சொல்கிறது." ஜெர்மனியில் இருந்த கூட்டாய்வாளர் எழுதியிருந்தார். ஒரு நாட்டின் உயிர் வளங்களை அந்த நாட்டு அனுமதியோடுதான் எடுக்க வேண்டும் என்கிற உலக உடன்பாடான நகோயா நெறிமுறையை ஒட்டி 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி அது. வண்டியைத் திருப்பினேன். உலர்பனி கரியமில வாயுவாகக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மே மாத அனல்காற்றில் ஊர் வந்து சேர்ந்தேன்.

இந்தக் கூட்டாய்வாளரைப் பிடித்தது சுலபம். அவர் கட்டுரையிலிருந்த ஓர் அட்டவணையைப் பற்றி நாலு வரியில் கேட்டேன், மறுநாளே பதில். ("தங்கள் மேலான ஆய்வுகளைக் கண்டு வியந்து" என்று அதற்கு முன் பலருக்கு எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.) முதல் ஸ்கைப் பேச்சிலேயே, எழுதப்போகும் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்ற ஆசிரியர் வரிசையைப் பேசி, அன்றைக்கே மெயிலிலும் போட்டுக்கொண்டோம். அதோடு, "உங்கள் பக்கம் என்னென்ன காகிதம் கேட்பார்கள்?" என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு மாதிரி அனுப்ப, தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்குப் படிவம் பி. இது 2019 கதை. 2024இல் புது விதிகள் வந்துவிட்டன, இப்போது அனுப்புகிறவர்கள் நடப்புப் படிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 45 நாள் கெடு என்று எழுதியே வைத்திருந்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏது கெடு? படிவத்தோடு வைக்க வேண்டிய கடிதத்தில் பதிவாளர் கையெழுத்து வாங்க மூன்று வாரம் நடந்தேன். எப்போது போனாலும் "ஃபைல் மேல போயிருக்கு மேடம்."

நாலாவது வாரம் நானே மேசை மேசையாகத் தேடினேன். ஃபைல் மேலே எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில் கிடந்தது. 'ஜெர்மனி' என்ற சொல்லைப் பார்த்து வெளிநாட்டுப் பயணப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்தவர், "பாஸ்போர்ட் நகல் வைக்கலையே மேடம், அதான் நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார்.

"சார், நான் போகலை. சேறுதான் போகுது."

"சேத்துக்கு எதுக்கு மேடம் ஜெர்மனி?"

அட்டையில் சிவப்புப் பேனாவால் 'பயணம் இல்லை, மண் மாதிரி மட்டும்' என்று எழுதி, நானே கையில் எடுத்துப்போய்ப் பதிவாளர் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்தாகிவிட்டது. கையோடு மூன்று நகல் எடுத்தேன். ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அக்டோபரில் குப்பிகள் போய்ச் சேர்ந்தன. பெட்டியைத் திறந்ததும் அவர் படம் அனுப்பினார். உலர்பனி பாதி மிச்சம் இருந்தது.