அப்பாவின் கால் புண்ணும் வேக் டிரெஸ்ஸிங்கும்

சர்க்கரை நோயால் மரத்துப்போன அப்பாவின் பாதத்தில் செருப்பு உரசி வந்த புண், சில நாட்களிலேயே சீழ் பிடித்துக் குழியாகிவிட்டது. அழுகிய சதையை அறுவை அரங்கில் வெட்டி அகற்றி, கிருமித் தொற்று கட்டுக்குள் வந்து, பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதுமானது என்று டாப்ளர் பரிசோதனையில் உறுதியான பிறகே, புண்ணைக் காற்றுப் புகாமல் மூடி இயந்திரத்தால் கசிவை உறிஞ்சி எடுக்கும் வேக் டிரெஸ்ஸிங் என்னும் கட்டை மருத்துவர் பரிந்துரைத்தார். அழுகல் மிச்சமிருக்கும் புண்ணிலும், ரத்தக் குழாய் வெளியே தெரியும் புண்ணிலும், புற்றுநோய்ப் புண்ணிலும் இதைப் போடக் கூடாது என்றும் விளக்கினார்.

குழியின் அளவுக்குக் கத்தரித்த கறுப்பு நுரைப்பஞ்சை உள்ளே வைத்து, சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அதில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தினார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் உப்பலாக இருந்த பஞ்சு உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கிக் கெட்டியானது. உறிஞ்சும் அழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரசம். ஆர்ஜென்டா, மோரிக்வாஸ் என்னும் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பரவலான அளவு அது. கசியும் நீர் குழாய் வழியே இயந்திரத்தின் டப்பாவுக்குப் போய்விடுவதால் வீக்கம் வடிகிறது, புண்ணின் விளிம்புகள் உள்நோக்கி இழுபடுகின்றன, புதுச் சதை வளரத் தூண்டப்படுகிறது.

உடனிருப்பவரின் முழுக் கவனமும் அந்தத் தாளின் ஒட்டில்தான் இருக்க வேண்டும். விரலிடுக்கில் வியர்வை பட்டு ஒட்டு விட்டால் ‘உஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும், அலாரமும் அடிக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு செவிலியரை அழைத்தால் மேலே ஒரு துண்டை ஒட்டிச் சரிசெய்வார். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் நின்றால் பஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுக்கு மாற வேண்டும். குழாயில் சிவப்பாக ரத்தம் ஓடினால் இயந்திரத்தை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுவார்கள். புதுச் சதை பஞ்சின் துளைகளுக்குள் ஏறியிருக்கும் என்பதால் உப்புநீர் விட்டு ஊறவைத்த பின்பே எடுக்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். உள்ளே எத்தனை துண்டு வைத்தார்கள் என்பதை எங்கள் செவிலியர் தாளின் மேலேயே எழுதிவைத்தார். எந்தத் துண்டும் உள்ளே தங்கிவிடாமல் இருக்க இது மிக அவசியம்.

வெளிறிக் கிடந்த அடிப்பகுதி சில வாரங்களில் சிவந்து, மணிமணியாகச் சதை நிரம்பி மேலே வந்தது. ஆனால் சர்க்கரை அளவும், புரத உணவும், காலை ஊன்றாமல் இருப்பதும் சரியாக அமைந்திராவிட்டால் இயந்திரம் மட்டும் இதைச் செய்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியபின் புண் மூடியது. இப்போது அப்பா, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்புடன் நடக்கிறார். இயந்திர வாடகை, பஞ்சு, டப்பா மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள் என்பதால், காப்பீடு எவற்றை ஏற்கும் என்று தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.