பீட்டருக்கும் பறக்கத் தெரியுமே: ‘ஹீரோஸ்’ முதல் சீசனின் கடைசி அத்தியாயம்

கடந்த கோடை விடுமுறையில் என் அக்காவின் மகளுடன் சேர்ந்து ‘ஹீரோஸ்’ தொடரின் முதல் சீசனை ஆரம்பத்திலிருந்து மீண்டும் பார்த்தேன். 23 அத்தியாயங்களையும் மூன்று வாரங்களில் முடித்தோம். கடைசி அத்தியாயத்தில் நேதன் பெட்ரெல்லி வானிலிருந்து இறங்கி வந்து, அணுகுண்டைப் போல் வெடிக்கவிருந்த தன் தம்பி பீட்டரைக் கட்டியணைத்து, நியூயார்க் நகருக்கு மேலே வெகு உயரத்துக்குத் தூக்கிச் சென்று இருவரும் ஒரே ஒளியாக வெடித்தபோது, அவள் என் பக்கம் திரும்பி, “சித்தி, பீட்டருக்கும் பறக்கத் தெரியுமே?” என்று கேட்டாள். 2007ஆம் ஆண்டு கல்லூரி விடுதி அறையில் இதே காட்சியைப் பார்த்து முடித்தபோது நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். அன்று எனக்கு வந்தது வெறும் கோபம். இத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதுதான் அந்த ஏமாற்றம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெளிவானது.

டிம் கிரிங் உருவாக்கிய இந்தத் தொடர் 2006 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. முகமூடியும் சீருடையும் இல்லாத சூப்பர்ஹீரோ கதை என்பதே அப்போது எங்களுக்குப் பெரிய புதுமையாக இருந்தது. டோக்கியோவில் அலுவலக மேசைக்கு முன்னால் சலித்துக் கிடக்கும் ஹிரோ நகமுரா கடிகார முள்ளைப் பின்னோக்கி நகர்த்துகிறான். டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா நகரில் பள்ளிச் சியர்லீடரான கிளேருக்கு எந்தக் காயமும் நொடியில் ஆறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சாதாரணப் போலீஸ்காரரான மேட் பார்க்மனுக்கு மற்றவர்களின் மனத்தில் ஓடுவது காதில் விழுகிறது. பீட்டரோ மரணப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் செவிலியன். பிறருடைய ஆற்றல் எதுவானாலும் அவர்கள் அருகில் இருந்தால் தனக்குள் வாங்கிக்கொள்கிறான். ஒருவரையொருவர் அறியாத இவர்கள் அனைவரும் ஏதோ ஒரு புள்ளியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வை ஒவ்வொரு வாரமும் தொடர் நமக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

எங்களுக்கு இந்தத் தொடருடன் இன்னொரு நெருக்கமும் இருந்தது. இவர்களையெல்லாம் தேடிச் செல்லும் மரபியல் பேராசிரியர் மொஹிந்தர் சுரேஷ் சென்னைக்காரர். முதல் அத்தியாயத்திலேயே அவர் நம் ஊரில் வகுப்பெடுப்பதைக் காட்டுவார்கள். தந்தை சந்திரா சுரேஷ் நியூயார்க்கில் கொல்லப்பட்ட செய்தி அவரை அங்கிருந்து கிளப்புகிறது. மொஹிந்தர் என்ற பெயருக்கும் சென்னைக்கும் என்ன பொருத்தம் என்று விடுதியில் நாங்கள் வாதிட்டதுண்டு. ஆனாலும் அந்தப் பாத்திரத்தில் நடித்தவரின் பெயர் செந்தில் ராமமூர்த்தி என்பதும், தொடர் முழுவதையும் ஒரு நூலில் கோக்கும் பின்னணிக் குரல் அவருடையது என்பதும் எங்களுக்கு உண்மையான பெருமையாக இருந்தன. அந்த முதல் வகுப்பில் அவர் கரப்பான்பூச்சியைப் பற்றிப் பேசுவார். எதையும் தாங்கிப் பிழைத்திருக்கும் உயிர் அதுதான் என்ற கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயம் அந்தப் பூச்சியிடம் திரும்பி வருகிறது.

வருங்காலத்தை ஓவியமாகத் தீட்டும் ஐசக் மெண்டஸ், நியூயார்க் நகரம் வெடித்து எரிவதைத் தன் ஓவியக்கூடத்தின் தரையில் வரைந்து வைத்திருக்கிறான். அதைத் தடுப்பதே சீசனின் குறிக்கோள். வருங்காலத்திலிருந்து வந்த ஹிரோ, பாதாள ரயிலில் பீட்டரைச் சந்தித்து, அந்தச் சியர்லீடரைக் காப்பாற்றினால் உலகத்தைக் காப்பாற்றலாம் என்ற செய்தியைச் சொல்கிறான். 2006 நவம்பர் 20 அன்று ஒளிபரப்பான ஒன்பதாம் அத்தியாயத்தில் பீட்டர் கிளேரைக் காப்பாற்றிவிடுகிறான். அந்தக் காப்பாற்றல் உலகத்தை எப்படிக் காக்கப்போகிறது என்ற கேள்வியை மட்டும் தொடர் கடைசிவரை திறந்தே வைத்திருந்தது.

அதற்கு இடையில் வந்த சில அத்தியாயங்கள் இன்றும் என்னைக் கட்டிப்போடுகின்றன. பிரையன் புல்லர் எழுதிய 17ஆம் அத்தியாயம் ஏறக்குறைய முழுவதும் கிளேரைத் தத்தெடுத்து வளர்க்கும் பென்னெட் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. உடலிலிருந்து அணுக்கதிர் வெளிப்படும் டெட் ஸ்ப்ரேக் அந்தக் குடும்பத்தைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறான். அவன் கட்டுப்பாட்டை இழந்து வெடிக்கும் நிலைக்குச் செல்லும்போது, கிளேர் தன் தோல் கருகிக்கொண்டிருக்க நெருப்புக்குள் நடந்து சென்று அவனுக்கு மயக்க மருந்து செலுத்துகிறாள். வெளியே வருகையில் அவளுடைய உடல் தானே ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண்ணின் ஆற்றல், அவளுடைய துணிச்சல், தந்தையிடம் அவள் கொண்ட பாசம் ஆகிய மூன்றும் ஒரே செயலில் கலந்த காட்சி அது. 20ஆம் அத்தியாயம் நியூயார்க் வெடித்து ஐந்து ஆண்டுகள் கழிந்த இருண்ட உலகத்தை நம் முன் நிறுத்தி, தோற்றால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காட்டியது. இவ்வளவையும் கட்டியெழுப்பிய பிறகு, 2007 மே 21 அன்று கடைசி அத்தியாயம் வந்தது.

கிர்பி பிளாசா என்ற திறந்தவெளிச் சதுக்கத்தில் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். இருபத்திரண்டு அத்தியாயங்கள் காத்திருந்தது இந்தச் சந்திப்புக்காகத்தான். ஆற்றல் உள்ளவர்களைக் கொன்று அவர்களுடைய ஆற்றலைப் பறித்துக்கொள்ளும் சைலர், பீட்டரைக் கை தொடாமலே கழுத்தை நெரிக்கிறான். மேட் சுடுகிறார், சைலர் குண்டுகளை நடுவானில் நிறுத்தித் திருப்பி அனுப்ப, அவை மேட்டின் உடலிலேயே தைக்கின்றன. அசாத்திய உடல் வலிமை கொண்ட நிக்கி சாலையோரத்துப் பார்க்கிங் மீட்டரைப் பிடுங்கிச் சைலரை ஒருமுறை அடிக்கிறாள். உடனே பீட்டர் அவளைக் குடும்பத்திடம் போகச் சொல்லிவிட, அவளும் போய்விடுகிறாள். பீட்டர் சைலரின் முகத்தில் சில குத்துகள் விடுகிறான். அந்த நேரத்தில் தோன்றும் ஹிரோ ஓடிவந்து சைலரை வாளால் குத்துகிறான். இவ்வளவுதான் மோதல். பறக்கவும், மனத்தால் பொருட்களை நகர்த்தவும், மறைந்து போகவும், காலத்தையே வளைக்கவும் கற்ற பீட்டர் தெருச் சண்டைக்காரனைப் போல முஷ்டியால் அடிக்கிறான். சிறுமி மோலி, நிக்கியின் மகன் மைக்கா, கணவன் டி.எல்., மொஹிந்தர் என்று மற்றவர்கள் சுற்றி நிற்கிறார்கள். மொஹிந்தருக்குக் கிடைத்த வேலை, அடிபட்டுக் கிடக்கும் மேட்டைப் பார்த்துக்கொள்வதுதான்.

என் ஏமாற்றத்தின் வேர் இந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. தொடர் நமக்குக் கொடுத்த வாக்குறுதி ஒரு பெரிய சண்டை அல்ல. சிதறிக் கிடக்கும் சாதாரண மனிதர்களின் தனித்தனி ஆற்றல்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் ஓர் ஆபத்து தடுக்கப்படும் என்பதே அந்த வாக்குறுதி. இயந்திரங்களுடன் பேசும் சிறுவன் மைக்கா முந்தைய அத்தியாயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களை மாற்றி நேதனுக்குத் தேர்தல் வெற்றியையே வாங்கிக் கொடுக்கிறான். உலகின் எந்த மூலையில் இருப்பவரையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் மோலி; அவளுடைய நோயைத் தீர்த்தது மொஹிந்தரின் இரத்தம். இப்படி ஒவ்வொரு கண்ணியையும் பொறுமையாகச் செய்துவைத்த எழுத்தாளர்கள், அவற்றை இணைக்க வேண்டிய நாளில் இணைக்கவில்லை.

சைலர் விஷயத்தில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். கேப்ரியல் கிரே என்ற கடிகாரம் பழுதுபார்ப்பவன் அவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி இயங்குகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிடும். 21ஆம் அத்தியாயத்தில் அவன் தன் தாயைப் பார்க்கப் போகிறான். தன் கையால் நகரம் அழியப் போகிறது என்ற எண்ணமே அவனை நடுங்க வைக்கிறது. அந்தச் சந்திப்போ தாயின் சாவில் முடிகிறது. அதே அத்தியாயத்தில் ஹிரோவுக்கு அவனைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும், அழுதுகொண்டிருப்பவனைக் குத்த மனம் வராமல் தயங்கி வாளையும் இழக்கிறான். கொல்லலாமா என்று ஹிரோ பட்ட அந்தத் தவிப்பு, முதல் சீசனின் மிக நேர்மையான பகுதிகளில் ஒன்று. கடைசி நாளில் அந்தத் தவிப்பின் சுவடே இல்லை. சைலர் வெறும் வில்லனாகச் சுருங்கிவிட, ஹிரோ நண்பன் ஆண்டோவை டோக்கியோவில் பத்திரமாக விட்டுவிட்டு வந்து, சில நொடிகளில் காரியத்தை முடித்துவிடுகிறான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பீட்டர் தனியாகப் பறந்திருக்கலாமா? தொடரின் விதிப்படி பார்த்தால் முடியும். அண்ணனிடமிருந்து அவன் முதலில் பெற்ற ஆற்றலே பறப்பதுதான். வெடிக்கும் தருணத்தில் அவனால் எதையும் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஒருவர் பதில் சொல்லலாம். நேதனின் வருகையை நான் வெறுக்கவும் இல்லை. நகரம் அழிந்தாலும் பரவாயில்லை, அதன் சாம்பலிலிருந்து தலைவனாக எழலாம் என்ற கோடீஸ்வரர் லிண்டர்மனின் திட்டத்துக்கு ஏறக்குறைய இணங்கிவிட்ட அரசியல்வாதி அவன். தான் பெற்ற மகளான கிளேர் தன் கண்ணெதிரே ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியதைக் கண்ட பிறகு மனம் மாறித் தம்பியிடம் வருகிறான். அந்த அணைப்பில் இரண்டு நடிகர்களின் முகங்களும் உண்மையாக இருக்கின்றன. அன்புதான் இறுதியில் எஞ்சும் என்று பீட்டர் கவனித்துக்கொண்ட, இறந்துபோன நோயாளி சார்லஸ் டெவோ அவனிடம் சொல்லும் காட்சியும் இதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பாத்திரம் செய்யும் தியாகம் நம்மை உலுக்க வேண்டுமானால், வேறு வழி எதுவும் மிஞ்சவில்லை என்று நாம் நம்ப வேண்டும். பீட்டர் ஒருமுறை பறக்க முயன்று தரையில் விழுவதை ஐந்து நொடிகள் காட்டியிருந்தால்கூடப் போதும். என் அக்கா மகள் கேள்வி கேட்டிருக்க மாட்டாள், அழுதிருப்பாள்.

கிளேருக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய அநியாயம். நெருப்புக்குள் நடந்து சென்று ஒரு வெடிப்பைத் தடுத்தவள் அவள். டெட்டின் ஆற்றலையும் வாங்கிக்கொண்ட பீட்டரின் வழியாக அதே ஆபத்து பெரிய அளவில் திரும்பி வரும்போது, பீட்டரைச் சுடுவதற்கான துப்பாக்கியை மட்டும் கையில் கொடுத்து அவளை நிற்க வைக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் முடிவையும் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள். சியர்லீடரைக் காப்பாற்றியதால்தான் உலகத்தைக் காப்பாற்ற முடிந்தது என்பதை நேதன் வாயால் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகு அந்தச் சதுக்கத்தில் சைலரின் உடலைக் காணோம். இரத்தக் கோடு ஒரு சாக்கடை மூடியை நோக்கிச் செல்கிறது. அருகே ஒரு கரப்பான்பூச்சி ஊர்கிறது. சென்னை வகுப்பறையில் தொடங்கிய படிமத்தை இப்படி முடித்தது மிக அழகான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஹிரோவின் வாள் வீச்சும் வீணாகிவிட்டது என்பதையும் அதே காட்சி சொல்லிவிடுகிறது. 2007 செப்டம்பரில் இரண்டாம் சீசன் தொடங்கியபோது நேதன் உயிரோடு இருந்தான், பீட்டர் அயர்லாந்தில் ஒரு சரக்குப் பெட்டகத்துக்குள் பழைய நினைவுகள் எதுவும் இல்லாத நிலையில் கிடைத்தான், மேட்டும் பிழைத்துக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாம் சீசனின் குறைகளுக்காக டிம் கிரிங் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் அந்தச் சீசனைப் 11 அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டது. தொடரின் சரிவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் சீசனிலிருந்தே தொடங்குகிறார்கள். என்னைப் பொறுத்தவரை சரிவு கிர்பி பிளாசாவில் தொடங்கிவிட்டது. பார்வையாளரின் நம்பிக்கையை அங்கே கடனாக வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அடுத்த சீசனைத் தொடரலாமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு, கிளேர் நெருப்புக்குள் நடந்து போகும் அந்த 17ஆம் அத்தியாயத்தை மறுபடியும் போடச் சொன்னாள்.