ரேஷன் வரிசையில் கிடைத்த பத்து நிமிடம்

2020 மே மாதம், திருப்பூர். ஒரே அறை வீடு. என் கணவருக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. அடி முன்பும் உண்டுதான். ஆனால் அப்போதெல்லாம் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டு அழவாவது முடியும். ஊரடங்கில் என் போன் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மே 7 அன்று டாஸ்மாக்கைத் திறந்தார்கள். அன்றைக்கு ராத்திரி என் நெற்றி கிழிந்தது.

மறுநாள் எங்களுக்கு ரேஷன் டோக்கன். கொரோனா பயத்தில் அவர் வரவில்லை. சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றேன். முந்தானையை இழுத்து மூடியிருந்தும், முடியோடு காய்ந்து ஒட்டியிருந்த ரத்தத்தை முன் வட்டத்து அக்கா பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் உதவி எண்ணான 181 அடித்து, போனை என்னிடம் நீட்டினார்.

எடுத்த பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இப்ப அவர் பக்கத்துல இருக்காராம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தைரியம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா நம்பருக்கே பாதுகாப்பு அலுவலர், அதாவது குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் அரசு அலுவலர், கூப்பிட்டார். "வீட்டுக்குப் போகாதீங்க. நேரா ஜி.ஹெச். போங்க. அடிச்சதுன்னே சொல்லி சீட்டு வாங்குங்க" என்றார். விழுந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

ஒரு விடுதியில் கொரோனா டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அப்புறம் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் தங்கினேன். அங்கேதான் நடந்ததையெல்லாம் சம்பவ அறிக்கையாக எழுதினார்கள். அதற்கு வக்கீலும் வேண்டாம், காசும் வேண்டாம்.

அம்மா வீடு வேறு மாவட்டம். ஊரடங்கில் மாவட்டம் தாண்ட வாங்க வேண்டிய இ-பாஸில் கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணங்கள் இருந்தன. அடிக்குத் தப்பி ஓடுகிறவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஜி.ஹெச். சீட்டை இணைத்து மருத்துவம் என்று போட்டேன். இரண்டாவது தடவை கிடைத்தது.

இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: வழக்குக்காகத் திருப்பூருக்குத் திரும்ப வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மனு போட்டால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கோர்ட் மூடிக்கிடந்ததால் எனக்கு மூன்று மாதம் ஆனது. விசாரணை அம்மாவின் செல்போனில், வீடியோவில் நடந்தது. அவர் என்னிடம் வரவோ பேசவோ கூடாது, மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

அந்த அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "நெத்தி ஆறிடுச்சா கண்ணு?" என்றார்.