தாய்வழி வந்த நாடு

2025 நவம்பர் 18 அன்று இரவு டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் இந்தியா 1–0 என்ற கணக்கில் வங்கதேசத்திடம் தோற்றது. 22 ஆண்டுகளில் வங்கதேசம் நம்மை வென்றது அதுவே முதல் முறை. கோல் அடித்தவர் ஷேக் மொர்சலின் என்றாலும், மறுநாள் காலை பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் பேச்சு முழுவதும் வங்கதேச வீரர் ஹம்சா சவுத்ரியைச் சுற்றியே இருந்தது. “ஏ தம்பி, அந்தச் சுருட்டை முடிக்காரன் வெள்ளைக்காரன் ஊர்ல பொறந்தவம்லா? அவன் எப்படி வங்காளத்துக்கு ஆடுதான்?” என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். கிரிக்கெட் தவிர வேறொன்றையும் பாராத அண்ணாச்சியே கேட்டுவிட்ட பிறகு, அதைச் சற்று விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஹம்சா 1997 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் லஃபரோ நகரில் பிறந்தார். தந்தை கரீபியன் தீவான கிரெனடாவைப் பூர்வீகமாகக் கொண்டவர். தாயின் குடும்பம் வங்கதேசத்தின் ஹபிகஞ்ச் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவரை வளர்த்த மாற்றாந்தந்தையும் வங்கதேசத்தவரே. சிறுவயதிலேயே லெஸ்டர் சிட்டி என்ற கால்பந்து அணியின் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தவர், பர்ட்டன் ஆல்பியன் அணிக்கு இரவல் வீரராகச் சென்று ஆடிப் பழகி, 2017 நவம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் அறிமுகமானார். 2021இல் லெஸ்டர் முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராகக் களமிறங்கினார். எதிரணியின் தாக்குதலைப் பாதியிலேயே முறித்துப் பந்தைப் பறிக்கும் நடுக்கள வீரர் அவர். கைதட்டல் குறைவாகவும் மஞ்சள் அட்டை அதிகமாகவும் கிடைக்கும் வேலை அது. 21 வயதுக்குட்பட்டோருக்கான இங்கிலாந்து அணியில் ஏழு ஆட்டங்கள் ஆடினார். 2019 ஐரோப்பியப் போட்டியில் பிரான்சுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மூத்தோர் அணிக்கான அழைப்பு கடைசிவரை வரவில்லை.

வராததுதான் வழி திறந்துவிட்டது. மூத்தோர் அணிக்காக ஆடாதவர் என்பதால், தமக்கு உரிமையுள்ள வேறொரு நாட்டுக்கு மாற அவருக்கு இடம் இருந்தது. 2024இல் வங்கதேசக் கடவுச்சீட்டைப் பெற்று, உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவிடம் விண்ணப்பித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2025 மார்ச்சில் அவர் சில்ஹெட் விமான நிலையத்தில் இறங்கியபோது திரண்ட கூட்டமும், அங்கிருந்து ஹபிகஞ்சில் உள்ள குடும்பத்துக் கிராமத்துக்குச் சென்றபோது கிடைத்த வரவேற்பும், பிரீமியர் லீக்கில் அத்தனை ஆண்டுகள் ஆடியும் அவர் கண்டிராதவையாக இருந்திருக்கும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து சேருகிறவர்கள் தந்தைவழிக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடித்தான் வருவார்கள். தாய் பிறந்த வீட்டுச் சாஸ்தா அவளோடு நின்றுவிடும். ஃபிஃபாவின் விதியில் அந்தப் பாகுபாடு கிடையாது. தாயோ தந்தையோ, அவர்களைப் பெற்றவர்களோ ஒரு நாட்டில் பிறந்திருந்தாலே, அந்நாட்டின் குடியுரிமையும் இருக்கும் பட்சத்தில், அந்நாட்டுக்கு ஆடலாம். ஹம்சாவுக்கு வங்கதேசம் கிடைத்தது தாயால்தான்.

மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் அவர் ஆடிய முதல் ஆட்டமே இந்தியாவுக்கு எதிரானது. ஓய்விலிருந்து திரும்பியிருந்த சுனில் சேத்ரி நமக்கு ஆடியும் ஆட்டம் 0–0 என்று முடிந்தது. ஜூனில் பூட்டானுக்கு எதிராக மூலை உதையைத் தலையால் முட்டி வங்கதேசத்துக்கான தம் முதல் கோலை அடித்தார். நவம்பர் 13 அன்று நேபாளத்துக்கு எதிராக அவர் அடித்த கோலை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்: கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர், வந்த பந்தை அந்தரத்தில் மல்லாந்தபடியே தலைக்கு மேலாக உதைத்து வலைக்குள் தள்ளினார். இங்கிலாந்தில் பந்து பறிப்பவராக மட்டுமே அறியப்பட்ட ஒருவர், தாயின் நாட்டுச் சட்டையில் கோல் அடிப்பவராகவும் மாறியிருந்தார்.

டாக்கா ஆட்டத்தின்போது இந்திய அணியோடு இருந்தும் ஆட முடியாமல் போன ஒருவர் உண்டு. பெர்த் நகரில் பிறந்து, 2019இல் ஆஸ்திரேலியாவுக்காக, நாடு மாறத் தடையாகாத ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடிய ரயன் வில்லியம்ஸ்தான் அவர். இவருக்கும் தாய்வழி உறவே. தாயார் மும்பையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர், தாயின் தந்தை 1950களில் பம்பாய்க்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடியவர். 2023 முதல் பெங்களூரு எஃப்.சி.க்கு ஆடிவரும் ரயன், ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்த பிறகே இந்தியரானார். அப்போதும் மாற்றத்துக்கான அனுமதி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஹம்சாவோ பிரிட்டன் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வங்கதேசத்துக்கு ஆடுகிறார். அந்நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற அட்டை விசாவுக்கு உதவுமே தவிர நீலச் சட்டைக்கு உதவாது. குஜராத்தித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த அரட்டா இசுமியும் 2012இல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துத்தான் மறு ஆண்டு இந்தியாவுக்காக ஆடினார்.

இது அதிகப்படியான விலை என்பது என் கருத்து. கால்பந்து வீரரின் ஆயுள் 35 வயதோடு முடிந்துவிடும். அதன் பிறகு பிழைப்புக்கு உதவப்போகும் கடவுச்சீட்டை நாலைந்து ஆட்டங்களுக்காக விட்டுவிடு என்று இளைஞன் ஒருவனிடம் கேட்பது நியாயமாகப் படவில்லை. பாட்டன் பாட்டி பிறப்பிட ஆவணங்கள் போலி என்று கண்டறிந்து, மலேசிய அணியின் ஏழு வீரர்களை ஃபிஃபா 2025 செப்டம்பரில் தண்டித்ததும் எனக்குத் தெரியும். ஆவணங்களைக் கடுமையாகச் சோதிக்கட்டும். பிறந்த நாட்டை உதறிவிட்டு வா என்று சொல்வது வேறு விஷயம்.

இத்தனைக்கும் ஹம்சா வந்ததால் வங்கதேசம் தகுதி பெற்றுவிடவில்லை. அக்டோபரில் ஹாங்காங்குக்கு எதிராக அவர் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தும் அணி 4–3 என்று தோற்றது. டாக்கா ஆட்டத்துக்கு முன்பே இந்தியா, வங்கதேசம் இரண்டுமே வெளியேறியிருந்தன, அந்தப் பிரிவிலிருந்து போனது சிங்கப்பூர்தான். எனவே சட்டத்தைத் திருத்தினால் நம் அணி உடனே எழுந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. ரயன் போன்ற ஒருவர் 32 வயதில் வந்து சேராமல் 22 வயதிலேயே வந்திருக்க வழி இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.