வர்த்தமானி ஊசி போடாது

கொரோனாக் காலத்தில் வாசல் கதவில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒட்டிவிட்டுப் போன தனிமைப்படுத்தல் அறிவித்தலுக்குப் பின்னால் நின்றது, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுநோய்த் தடைகாப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிக்கொண்டிருந்த நாட்களில் எழுதப்பட்டது. அதன்கீழ் அமைச்சர் ஒழுங்குவிதிகள் செய்யலாம். 1925இல் செய்த ஒழுங்குவிதிகளோடுதான் 2020 ஒக்டோபரில் முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் சேர்ந்தன. மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை.

ஊரடங்கு வேறு சட்டம். அதற்கு 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 16ஆம் பிரிவின்கீழ் சனாதிபதியின் கட்டளை வேண்டும். 2020 மார்ச்சில் அப்படியொன்று வர்த்தமானியில் வராமலே ‘பொலிஸ் ஊரடங்கு’ நடந்ததால்தான் சட்டத்தரணிகள் கேள்வி கேட்டார்கள். கேட்டது நியாயம்.

ஆனால் தெருவை மூடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு தடுப்பூசி ஏற்ற முடியாது. மருந்துக் குப்பிக்கு ஓர் அனுமதி வேண்டும், அதை எடுத்து ஊசி போடும் கைக்கு இன்னொன்று வேண்டும்.

குப்பிக்கான அனுமதி 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. உயிர் காக்கவோ கொள்ளைநோயை அடக்கவோ தேவைப்பட்டால், முழுப் பதிவு முடியாத மருந்தையும் குறித்த அளவில் இறக்க 109ஆம் பிரிவு வழிவிடுகிறது. 2021 ஜனவரி 22இல் கொவிஷீல்ட் தடுப்பூசிக்கு அவசர அனுமதி கிடைத்தது. 28ஆம் திகதி இந்தியாவிலிருந்து ஐந்து இலட்சம் டோஸ் வந்திறங்க, மறுநாளே ஏற்றத் தொடங்கினார்கள்.

கையின் கதைதான் சிக்கல். வைத்தியரும் மருத்துவ மாதுவும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர்கள், தாதியருக்குத் தனிச் சபை. வழக்கமான கிளினிக்கில் பொறுப்பு சுகாதார வைத்திய அதிகாரியுடையது, ஊசி போடுவது பெரும்பாலும் மருத்துவ மாதுவோ தாதியோ. பள்ளிக்கூடத்துக்கு வருவது பீ.எச்.ஐ. கொழும்பு நகருக்குள் இந்த ஏற்பாட்டை மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் நடத்துகிறது. விகாரமகாதேவிப் பூங்காவில் இராணுவ வைத்தியப் படையணி ஊசி போட்டது நினைவிருக்கும். பாமசியில் போய்ப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே இல்லை.

அமெரிக்காவில் உண்டு. அங்கே 2005இன் பிரெப் சட்டம் நெருக்கடிக்கால மருந்துகளைக் கையாளுவோரை வழக்கிலிருந்து காக்கிறது. 2020 ஓகஸ்டில் அதன்கீழ் செய்த திருத்தம், 3 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகளை ஏற்ற மருந்தாளருக்கு இடமளித்தது. குறைந்தது 20 மணிநேரச் செய்முறைப் பயிற்சியும், நின்ற இதயத்தையும் மூச்சையும் மீட்கும் முதலுதவிக்கான (சி.பி.ஆர்.) சான்றிதழும் நிபந்தனை. பிரித்தானியா போன வழி எனக்கு அதைவிடப் பிடிக்கிறது. 2020 ஒக்டோபர் ஒழுங்குவிதியில் வேலையையே துண்டாக்கினார்கள். ஆளை விசாரித்துச் சம்மதம் பெறுவது பதிவுபெற்ற சுகாதாரத் தொழிலருக்கு மட்டும். மருந்தைத் தயாரிப்பது, ஏற்றுவது, பதிவது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மற்றவர்களும் மேற்பார்வையின் கீழ் செய்யலாம். ‘யார் ஊசி போடலாம்’ என்ற கேள்விக்குள் நாலு கேள்விகள் ஒளிந்திருப்பதை அந்த விதி கண்டுகொண்டது.

நாலிலும் குத்துவதுதான் சுலபம். தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, செங்குத்தாக, 25 மில்லிமீற்றர் ஊசி. அவசரத்தில் சட்டைக் கையை முழுக்கச் சுருட்டாமல் மேலே குத்தினால் மருந்து தோள்மூட்டுக்குள் போய், கையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் வலிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு உட்கார்ந்துகொண்டே போடுவது இதைக் குறைக்கும்.

தயாரிப்புத்தான் கழுத்தறுக்கும் இடம். சைனோபாம் தடுப்பூசியில் தொல்லை குறைவு: 0.5 மில்லிலீற்றர், கலக்கத் தேவையில்லை, 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தால் போதும். உறைந்துவிட்டால் மட்டும் எறிய வேண்டும், ஐஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டு போன குப்பிக்கு அதுதான் கதி. அந்நாட்களில் வந்த ஊதா மூடி பைசர் அப்படியல்ல. உருகிய குப்பியில் இருப்பது 0.45 மில்லிலீற்றர். அதற்குள் 0.9 சதவீத உப்புக்கரைசல் 1.8 மில்லிலீற்றர் விட வேண்டும், ஊசியை வெளியே இழுக்குமுன் அதேயளவு காற்றை உறிஞ்சி அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பீச்சியடிக்கும். குலுக்கக் கூடாது, மெதுவாகப் பத்துத் தரம் கவிழ்த்தெடுத்தால் போதும். 0.3 மில்லிலீற்றராக ஆறு டோஸ் வரும். ஆறாவது டோஸ் ஊசியடியில் மருந்து தங்காத சிரிஞ்சில்தான் கிடைக்கும், சாதாரண சிரிஞ்சென்றால் ஐந்தோடு சரி. இரண்டு குப்பி மிச்சங்களைச் சேர்த்து ஒன்றாக்கக் கூடாது. கலந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும், ஆறு மணிநேரம் தாண்டினால் குப்பைக்கு.

உப்புக்கரைசல் விடாமலே 0.3 இழுத்தால் ஒருவருக்கு ஐந்து மடங்கு மருந்து போகும். 2020 டிசம்பரில் ஜேர்மனியின் ஸ்ட்ரால்சுண்டில் பராமரிப்பு இல்ல ஊழியர்கள் எட்டுப் பேருக்கு அப்படித்தான் நடந்தது. கலக்கும் மேசையையும் ஏற்றும் மேசையையும் பிரித்து, கலந்தவரே குப்பியில் கையெழுத்திட்டால் இது அரிது. ஒரே ஆள் கலந்து, இழுத்து, போட்டு, வரிசையையும் அதட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பட்டமும் அவரைக் காப்பாற்றாது.

பிறகு காத்திருப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 15 நிமிடம், கடும் ஒவ்வாமை முன்பு வந்தவருக்கு 30. விழுகிறவர்களில் பெரும்பாலானோர் பயத்தில் மயங்குபவர்கள்: முகம் வெளிறும், நாடி மெதுவாகும், கால்களை உயர்த்திப் படுக்கவைத்தால் தெளிவார்கள். நாடி வேகமாக ஓடி, தோல் தடித்து, இளைப்பும் சேர்ந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. ஆயிரத்துக்கொன்று செறிவுள்ள அட்ரினலின் மருந்து, வளர்ந்தவருக்கு 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே. தட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலுமாரியில் பூட்டிவிட்டுத் திறப்பைத் தேடுவது சில இடங்களின் பழக்கம்.

தடுப்பூசி அட்டையில் தொகுதி இலக்கக் கட்டத்தைப் பாருங்கள். வெற்றாக இருந்தால் அங்கேயே கேட்டு எழுதுவியுங்கள். பக்கவிளைவு அறிக்கை சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும்போது, எந்தக் குப்பியில் கோளாறு என்று தேட அந்த எண்தான் வேண்டும்.