முதலில் தண்ணீர், பிறகு வண்ணம்

வீடு என்னவாகுமோ என்று அஞ்சியே பலர் குழந்தையின் கையில் பிரஷ் கொடுப்பதை மூன்று வயதுவரை தள்ளிப்போடுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், தொடக்கத்தில் வண்ணமே தேவையில்லை என்பது என் மகளுடன் உட்கார்ந்து பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட கருத்து. ஒன்றரை வயதில் குழந்தை பிரஷை முழுக் கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, தோளிலிருந்தே கையை வீசுகிறது. தான் கையை அசைத்ததும் ஒரு தடம் விழுகிறதே என்பதுதான் அதற்கு வியப்பு. உருவத்தைப் பற்றிய கவலையெல்லாம் நம்முடையது.

ஆகவே, சுவருக்குச் சாயம் அடிக்கும் இரண்டு அங்குலப் புது பிரஷ் ஒன்றும், எளிதில் கவிழாத கிண்ணத்தில் கால்வாசித் தண்ணீரும் போதும். வெயில் தாழ்ந்த வேளையில் முற்றத்துச் சிமெண்ட் தரையில் உட்காரவைத்தால், பிரஷ் பட்ட இடம் கறுத்துத் தெரிவதையும், ஓரங்களிலிருந்து மெல்ல வெளுத்து மறைவதையும் பார்த்துவிட்டு, குழந்தை அதே இடத்தில் மறுபடியும் பூசத் தொடங்கும். தண்ணீர் இருப்பதால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

வண்ணம் வேண்டுமென்றால், ஜிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பையில் மஞ்சளும் நீலமும் ஒவ்வொரு கரண்டி இட்டு, காற்றை நீக்கி மூடி, நான்கு பக்கமும் அகலமான டேப்பால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடலாம். விரல் அழுத்திய இடங்களில் பச்சை பிறக்கும்; கையில் ஒரு துளியும் ஒட்டாது. மூன்றாவதாகச் சிவப்பைச் சேர்த்தால் எல்லாம் சேற்று நிறமாகிவிடும்.

எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்குச் சோள மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, பீட்ரூட் சாறு கலந்து கொடுக்கலாம். வீட்டில் இருக்கிறதே என்று குங்குமத்தையும் ஹோலிப் பொடியையும் எடுக்க வேண்டாம். அவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சமையல் மஞ்சள் தூளிலும் சில வேளை ஈயம் கலந்திருப்பதுண்டு; துணியில் பட்டால் மஞ்சள் கறையும் பிடிக்கும். சோப்புப் பட்டதும் அந்தக் கறை சிவந்துவிடுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் பெரும்பாலும் மங்கிவிடும்.