அஞ்சடி பரிசல், ஒருவழியா தண்ணில இறக்கியாச்சு

போன மாசம் ஆரம்பிச்ச பரிசல் வேலை முடிஞ்சு ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ஏரியில இறக்கிட்டேன். சின்ன வயசுல ஒகேனக்கல்ல ஏறுனதுலருந்தே சொந்தமா ஒண்ணு செய்யணும்னு ஆசை. அங்க ஓடறது குடும்பத்தோட உக்கார்ற சைஸ், எனக்கு ஒரு ஆள் போனா போதும், அதனால வாய் 5 அடி, அடிப்பாகம் 4 அடி, உயரம் ஒன்றரை அடின்னு முடிவு பண்ணேன்.

முதல் வாரம் முழுக்க மூங்கில் பிளாச்சுலயே போச்சு. நல்லா காஞ்ச மூங்கில பொளந்துட்டு வந்து வளைச்சேன், மடக் மடக்னு ஆறு பிளாச்சு ஒடிஞ்சுது. பக்கத்து தெருவுல கூடை முடையிற பெரியவர் வந்து பாத்துட்டு, "பச்ச மூங்கிலா எடு தம்பி, பொளந்து ரெண்டு நாள் தண்ணில போடு, அப்பறம் சொன்னபடி கேக்கும்"னாரு. அப்படியே செஞ்சேன், ஒண்ணு கூட ஒடியல. தரையில குறுக்கும் நெடுக்குமா பின்னி, நடுவுல கல்லு வச்சு அமுக்கிட்டு, சுத்தியும் நிமித்தி, விளிம்புக்கு மட்டும் ரெண்டு மூணு பிளாச்ச சேத்து முறுக்கி கட்டணும். இந்த விளிம்புதான் மொத்த பரிசலையும் வட்டமா இழுத்து பிடிக்குது, இங்க கட்டு தளர்ந்தா எல்லாமே தளர்ந்துரும்.

அந்த காலத்துல வெளிப்பக்கம் மாட்டுத்தோல் போட்டாங்க, இப்ப பிளாஸ்டிக் சாக்குதான், மேல தார். சாக்க ரெண்டு மடிப்பா தச்சு போத்துனேன். தார கொதிக்க கொதிக்க ஊத்திடாதீங்க, நான் ஓரத்துல கொஞ்சம் ஊத்தி பாத்தப்பவே சாக்கு சுருண்டுருச்சு, கொஞ்சம் ஆறவிட்டு இளகுன பதத்துல தடவணும், அப்பறம் மூணு நாள் வெயில்ல கவுத்து போடணும்.

முதல் தடவை இறக்குனப்ப பத்து நிமிஷத்துல உள்ள தண்ணி. மேல தூக்கி பாத்தா, ஒரு பிளாச்சோட கணு சீவாம நீட்டிக்கிட்டு இருந்துருக்கு, நான் உக்காந்த கனத்துல அது சாக்க உள்ளருந்தே குத்தி, கடுகளவு ஓட்டை. எல்லா கணுவையும் தடவி தடவி பாத்து அருவாளால வழிச்சுட்டு, ஓட்டைக்கு ஒட்டு போட்டு தார் தடவுனேன், அதோட ஒழுகல் நின்னுச்சு.

ஆழமில்லாத தண்ணிக்கு இத விட தோதான படகு இல்லன்னு நான் சொல்றதுக்கு கணக்கு இருக்கு. அடிப்பாகம் கிட்டத்தட்ட 1.17 சதுர மீட்டர், நான் 72 கிலோ, பரிசல் 18 கிலோ, மொத்தம் 90. அப்ப தண்ணிக்குள்ள முங்கறது 8 சென்டிமீட்டர் கூட இல்ல! கணுக்கால் தண்ணில, பாறை மேலயே வழுக்கிட்டு போகுது. கரைக்கு வந்ததும் தலைல கவுத்துக்கிட்டு வீட்டுக்கு நடக்கலாம்.

ஆனா சுத்தும். படகு மாதிரி பக்கவாட்டுல துடுப்பு போட்டா, அடில நேரா பிடிச்சு வைக்கறதுக்கு எதுவும் இல்லாததால, எடத்துலயே ராட்டினம்தான். 1520 வாக்குல விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் பயஸ் கூட, துங்கபத்திரைல கூடை மாதிரி தோல் படகு ஓடுது, அது நேரா போகாம சுத்திக்கிட்டே இருக்குன்னு எழுதி வச்சுருக்காரு. ஐநூறு வருஷம் கழிச்சு அதே ஆத்தங்கரை சங்கதி என் கையில நடக்கறத பாக்க எனக்கு மெய் சிலிர்த்துச்சு.

நேரா போக வழி என்னன்னா, போற திசை பாத்து முன் விளிம்போரமா மண்டி போட்டு, துடுப்ப முன்னாடி நீட்டி தண்ணிய நம்ம பக்கம் இழுக்கணும், ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. மூணு சாயங்காலம் ஆச்சு பழக. நேத்து மதகுலருந்து எதிர்க்கரை கருவேல மரம் வரைக்கும் ஒரு சுத்து கூட சுத்தாம போயிட்டேன். லைஃப் ஜாக்கெட் மட்டும் எப்பவும் போட்டுக்கறேன், ஏரி நடுவுல இடுப்பளவுதான்னாலும் சேறு கால விடாது.

அடுத்த வாரம் தம்பிய ஏத்தி, ரெண்டு பேர் கனத்துக்கு எவ்வளவு முங்குதுன்னு குச்சி வச்சு அளக்கணும்.